முதலில் எதிர்ப்பக்கத்துப் பேச்சு

என் விரல்களை இப்போது பார்த்தால் நீ சிரிப்பாய். பச்சைப் பாக்கு உரித்த கறை நகக்கண் வரை ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன், போகவில்லை. அந்தத் துவர்ப்பு வாசனை, விடுதி அறையில் உன் பையைத் திறக்கும்போதெல்லாம் வருமே, அதேதான். வண்டூரில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு இப்போதுதான் போர்ட் பிளேருக்கு, ஹேடோ குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினோம், நானும் அப்பாவும். கையைக் கழுவிய ஈரத்தோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வெளியுறவுப் பணி கிடைத்திருக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் இதை நான் சொல்லியே இருக்க வேண்டாம். வாசலில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்திருப்பாய்.

செய்தி வந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமும் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி என்பது உனக்குத் தெரியும். கப்பல் ஜெட்டியில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் "என் மக கலெக்டர் பரீட்சை எழுதுறா" என்று சொல்லி வைத்திருந்தார். என் மதிப்பெண்ணுக்குக் கலெக்டர் வழியும் திறந்துதான் இருந்தது. விருப்ப வரிசையில் வெளியுறவை நான் முதலில் போட்டிருந்தேன். போடும்போதே அவரிடம் சொன்னேன். கிடைக்கவா போகிறது என்று அன்று பேசாமல் இருந்துவிட்டார். கிடைத்ததும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"கைக்கு வந்த கலெக்டர வேணாம்னு எழுதிட்டு, ஊர் பேர் தெரியாத நாட்டுக்குப் போறேங்குறியேத்தா."

பயிற்சிக்குச் சேர்வதாக நான் பதில் அனுப்ப வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது என்னால் கப்பலோ விமானமோ ஏற முடியாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறுவதற்கு முதுகைக் கொடுத்தவர் அவர்.

இதற்கெல்லாம் காரணம் நீதான் என்று அவருக்கும் தெரியும்.

விடுதியில் தண்ணீர்ச் சண்டை நடந்த அந்தக் கோடை நினைவிருக்கிறதா? போர்ட் பிளேரில் குழாயில் தண்ணீர் வருவதே சில நாளைக்கு ஒரு முறை என்று ஆகியிருந்தது. மேல் மாடிப் பெண்கள் தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள் என்று கீழ்த்தளம் கத்தியது. பெங்காலி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, எல்லாம் ஒன்றாய்க் கலந்து கடைசியில் நம் தீவு ஹிந்தியில் வந்து முடிந்த சண்டை. நான் வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவோரம் நின்றேன். நீ நேராக நடுவில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"பஹ்லே உஸ்கா பாத் து போல்" என்றாய் மேல் மாடிக்காரியிடம். முதலில் அவள் பேச்சை நீ சொல்.

அவளுக்குப் புரியவில்லை. "மேரா பாத்?" என்றாள்.

"ஒன் பேச்சு இல்ல. அவ என்ன சொல்றாங்கறத நீ சொல்லு. சரியாச் சொல்லியிருக்கியான்னு அவ சொல்லட்டும். அப்புறம் ஒன் பேச்ச அவ சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொல்லிப் பார்த்தாள். கீழ்த்தளத்துப் பெண்கள் சிலர் காலை முதல் வகுப்புக்கு முன்பே ஹாஸ்டல் சமையலுக்கு உதவப் போகிறார்கள், திரும்பி வந்தால் குளிக்கச் சொட்டு இல்லை என்பது அவள் வாயிலிருந்தே வந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கியதைக் கதவோரத்திலிருந்து நான் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவாகிவிட்டது.

இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். "இது எங்க லயத்து வழக்கம்டி" என்றாய். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு இதையும் கொண்டுவந்தார்கள் என்றாய். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள்; சண்டை வந்தால் விலகிப்போக இடமில்லை. அதனால் பெண்கள் கண்டுபிடித்தது. ஆழிப்பேரலை அந்த வீடுகளைக் கொண்டுபோன பிறகு உங்கள் குடும்பம் வண்டூருக்கு வந்தது. வழக்கமும் வந்தது.

அந்த வழக்கம் ஒருநாள் என்னை மேடையில் மாட்டிவிட்டது. கல்லூரியில் இரண்டு கற்பனை நாடுகளுக்கிடையே பேச்சுவார்த்தைப் போட்டி. கடல் எல்லை தாண்டிய மீனவர்களைப் பற்றி. நம் அணிக்கு ராகேஷ் தலைவன். பெண்களான நமக்கு, வழக்கம்போல, விருந்தினரை வரவேற்கும் வேலை.

"பூச்செண்டு குடுக்க எங்கிட்ட பட்டுப்புடவை இல்ல சார்" என்றாய் பேராசிரியரிடம். "பேச வாய்தான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே தொடக்க உரையை உனக்குக் கொடுத்தார். நீ அதை அப்படியே என் கையில் திணித்தாய். "நான் பேசுனா சண்டைக்கு வர்றான்னு எல்லாவனும் முட்டிய மடக்குவான். நீ வாயில்லாப் பூச்சி. நீ வாயத் தொறந்தா கேப்பானுங்க."

நான் எழுந்தேன். மைக்கைப் பிடித்ததும் தயாரித்தது எதுவும் வரவில்லை. விடுதித் தரையில் உட்கார்ந்து பழகியதுதான் வந்தது. எதிர் நாட்டின் வாதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் கரையோரம் மீன் எவ்வளவு குறைந்திருக்கிறது, நம் படகுகள் போனால் அவர்கள் வலை என்ன ஆகிறது, அவர்கள் வீட்டுப் பெண்கள் எதற்குப் பயப்படுகிறார்கள். முக்கால்வாசி நேரம் அதிலேயே போய்விட்டது. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த நடுவர் மணியை அடித்தார்.

"ஒரு நிமிஷம். நீங்க எந்த நாட்டோட பிரதிநிதி?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. ராகேஷ் மைக்கை வாங்கிக்கொண்டான். நமக்கு மதிப்பெண் போயிற்று. நம் தீவுக்காரர்களில்கூட உங்கள் லயத்து வழக்கம் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அன்று மாலை நான் அழுவேன் என்று காத்திருந்து, அழவில்லை என்றதும் நீ சமோசா வாங்கிக் கொடுத்தாய். "மார்க்குதான் போச்சு. எதிர் டீம்காரனுங்க மூஞ்சியப் பாத்தியா? அதுவரைக்கும் மேசையத் தட்டிக்கிட்டு இருந்தவனுங்க, நீ பேசுறப்ப வாயப் பொளந்துக்கிட்டு இருந்தானுங்க. நெசமான பேச்சுவார்த்தையா இருந்தா அந்த எடத்துலதான்டி கதவு தொறக்கும்."

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தப் பழக்கம் வந்தது. நூலகத்தில் செய்தித்தாளை விரித்ததும் நாடுகளின் கூட்டப் படங்களைத் தேடுவாய். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, சுவரோர நாற்காலிகளில் விரலை வைப்பாய். "பாரு, பொண்ணுங்க எல்லாம் இங்க. குறிப்பெடுக்க, மொழிபெயர்க்க. இந்த நாற்காலிக்கு மைக் கெடையாது." ஒரு காலத்தில் நம் நாட்டின் வெளியுறவுப் பணியில் இருந்த பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளவே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் போகச் சொல்லலாம் என்று விதி இருந்தது, ஒரு பெண் அதிகாரி நீதிமன்றப் படி ஏறிய பிறகே அது போயிற்று என்று நான் எதிலோ படித்துச் சொன்னபோது, நீ செய்தித்தாளை மடித்து வைத்தாய். பிறகு கேட்டாய்: "ஆம்பளைங்க யார்கிட்ட அனுமதி வாங்குனாங்களாம்?"

சிலோனும் நம் நாடும் தோட்டத்து மக்களைப் பங்குபோட்டு உங்களை இங்கே அனுப்பிய ஒப்பந்தத்தைப் பற்றி ஒருமுறை நான் எதிர்வாதம் செய்தேன். சிலோன் பக்கத்துப் பிரதமராக இருந்தவர் ஒரு பெண்தானே, அப்படியிருந்தும் உங்கள் குடும்பம் பிரிந்ததே என்றேன். நீ கோபப்படவில்லை. "உச்சியில ஒருத்தி இருந்தா அவ ஆம்பளைங்க பழகுன மாதிரிதான் பேசணும். ரூம்ல பாதிப் பேரு இருந்தாத்தான் வேற கேள்வி வரும்" என்றாய். அந்தப் பாதியில் ஒருத்தியாக நீ போவாய் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நான் உன் விண்ணப்பத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பேன் என்பதுதான் என் கனவின் அளவு. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உனக்காக வாங்கியிருந்த புத்தகங்களை நான் படிக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான் நடந்தது. தைரியம் வந்து படிக்கவில்லை. உன் குரல் நின்றுபோன இடத்தில் யாராவது பேசினால் தேவலை என்று இருந்தது.

டெல்லி நேர்முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் வண்டூர்ப் பேருந்திலேயே மனம் குதித்துக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவர் கேட்ட கேள்வியைக் கேள்: பக்கத்து நாடு நம் மீனவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது, நீங்கள் போய் முதலில் என்ன பேசுவீர்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பக்கத்து நாட்டின் பேச்சை முதலில் சொன்னேன். இந்த முறை தெரிந்தே செய்தேன். மணி அடிக்குமோ என்று காது காத்திருந்தது. யாரும் அடிக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வெளிநாடுகளில் பல காலம் பணியாற்றியவர் போலிருந்தது, பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பணிக்குப் பெண்கள் வருகிறார்கள். மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறார்கள். ஏன் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஆசை குறைவதால் இல்லை மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "குழந்தை சின்னது, இந்த நாடு அவளுக்குச் சரிப்படாது என்று அவளைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்வார். நல்லெண்ணத்தில்தான் செய்வார். கடினமான இடங்களுக்குப் போகாதவருக்குப் பெரிய பொறுப்பு எப்படிக் கொடுப்பது என்று பத்து வருடம் கழித்து இன்னொருவர் கேட்பார்."

அவர் விடவில்லை. "நாளைக்கு உங்கள் கணவர் வர மாட்டேன் என்றால்?"

"அவர் பேச்சை முதலில் நான் சொல்வேன் மேடம். பிறகு என் பேச்சை அவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவராகப் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன்."

குழு முழுவதும் சிரித்தது. கல்லூரி அரங்கத்தின் சிரிப்பு இல்லை அது. அந்த அம்மா சிரித்தபோது உன்னைப் பார்த்தது போலிருந்தது. நீ அந்த வயதுக்கு வந்திருந்தால் அப்படித்தான் மூக்கைச் சுருக்கிச் சிரித்திருப்பாய்.

டெல்லியில் வந்த பேச்சு என் வீட்டுக் கூடத்தில் வரவில்லை. அதனால்தான் இன்று காலை, வண்டூருக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். மறுக்கவில்லை. உன் அம்மாமீது அவருக்கு மரியாதை.

வாசலில் தார்ப்பாய் விரித்துப் பாக்கு குவிந்திருந்தது. "வா புள்ள. வாங்கண்ணே. பஸ்ல ஒக்கார ஜகா கெடச்சுச்சா?" என்று எழுந்த உன் அம்மா, செய்தியைக் கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் பால் விடாமல் இஞ்சி தட்டிய பிளேன்டீயும் கடிக்க வெல்லமும் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவும் சும்மா இருக்கத் தெரியாதவர், இன்னொரு கத்தியை எடுத்தார்.

"தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றார். "கலெக்டர் வேலைய விட்டுட்டுப் போறேங்குறா."

"நான் என்னத்தண்ணே சொல்ல? ஒங்க மக பேச்ச நீங்க சொல்லுங்க. ஒங்க பேச்ச அவ சொல்லட்டும்."

"இது என்ன பஞ்சாயத்து?"

"பஞ்சாயத்துன்னா தீர்ப்பு உண்டு. இதுல தீர்ப்பு இல்லண்ணே. சொல்றது மட்டுந்தான்."

"இவ வாயத் தொறந்து பேசுனாத்தான நான் திருப்பிச் சொல்ல?" என்று அப்பா பாக்கை உரித்தார். அடுத்த பாக்கை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தார். "நம்ம ஆளுகளை வேத்து நாட்டுக்காரன் புடிச்சு வச்சா, போயிப் பேச ஆள் வேணும். பேசுற ரூமுல எல்லாம் ஆம்பளைகளா ஒக்காந்திருக்காக. பொம்பளைக இருந்தாலும் செவத்தோரமா இருக்காக. மேல போகப் போக அதுவும் இல்ல. கலெக்டராக நாடு பூரா ஆள் வரும், இதுக்கு நம்ம தீவுலருந்து எந்தப் பொண்ணு போகப்போகுதுங்குறா. அவ கூட்டாளி போயிருக்கணும், அவ இல்ல, அதனால நான் போறேங்குறா. இதுதான் அவ பேச்சு. சரியாத்தா?"

நான் இதையெல்லாம் அவரிடம் சொன்னதே இல்லை. அடுப்படியில் என் அம்மாவிடம் சொன்னது. அவர் டிவி பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்ட மட்டும்தான் முடிந்தது.

"இப்ப நீ சொல்லு புள்ள" என்றார் உன் அம்மா.

நான் சொன்னேன். "அப்பாவுக்குக் கலெக்டர் ஆசை பாதிதாம்மா. மீதி பயம். ராமநாதபுரத்துல தாத்தா எறந்தப்ப, கப்பல் கெடச்சு அப்பா போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. சாம்பல்கூட இல்ல. அன்னைலருந்து அப்பாவுக்குத் தூரம்னா அதுதான். நான் எங்கயோ தூரமா இருக்கப்ப இங்க ஒண்ணு ஆச்சுன்னா, இல்ல அங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க முடியாதேன்னு நெனைக்கிறாரு. கலெக்டர்னா நம்ம நாட்டுக்குள்ள இருப்பா. அதான் அவர் பேச்சு."

அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். உன் அம்மா எதுவும் நடக்காதது போலப் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

"ஏத்தா, அந்த நாட்டுலருந்தெல்லாம் பிளேன் தெனமும் உண்டா?"

"அநேகமா தெனமும் உண்டுப்பா."

"அப்பக் கப்பலுக்குத் தேவலதான்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மறுபடியும் எடுத்தார்.

அவ்வளவுதான். அதுதான் சம்மதம். உன் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன், கன்னத்திலும் பாக்குக் கறை பட்டுவிட்டது.

கிளம்பும்போது வாசல் வரை வந்த உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "சிலோன்ல ஒப்பந்தம் வந்தப்ப எங்கக்காவக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு அந்த நாடுன்னு ஆயிப்போச்சு, எங்களுக்கு இந்த நாடு. ரயில் பொறப்பட்டப்ப நான் அக்கா இடுப்புல இருந்தேனாம். என்னைய எறக்கி அம்மா கையில குடுத்துட்டு அவ நின்னுட்டா. அவளத் தேடச் சொல்லல புள்ள, இருக்காளோ என்னவோ. இனிமே அப்படி ஒரு பேப்பர் எழுதுனாங்கன்னா, இடுப்புல புள்ள வச்சிருக்கவளக் கேட்டுட்டு எழுதச் சொல்லு."

உன்னுடைய துணிச்சல் என்னிடம் இல்லை. அது உன்னோடு போய்விட்டது, எனக்குப் பொருந்தியும் இருக்காது. முதல் பல வருடங்கள் எனக்குச் சுவரோர நாற்காலிதான் என்றும் தெரியும். நான் கொண்டுபோவது வேறு. நீ கேட்க இருந்த, கேட்கக் கிடைக்காமல் போன ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது. இன்றுதான் உன் அம்மா அதற்கு முழு உருவம் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "கலெக்டர் இல்லடா, கலெக்டர் ஒரு ஜில்லாவுக்குத்தான் பேசுவாரு" என்று விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பெரிய மேசை, கோட்டுப் போட்ட நிறையப் பேர், கையெழுத்துக்குத் தயாராக ஒரு காகிதம். இதில் யாரையெல்லாம் கேட்டீர்கள்? பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, குரல் வெளியே வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா போனைப் பொத்திக்கொண்டு, "என்னத்தா?" என்றார்.

நான் தலையைக் குனியவில்லை. இன்னொரு முறை, பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.